பாயிண்டைக் கழற்றிய பிறகு

28 ஜூலை, திங்கள்

என்னைக் கேட்காமல் என் வண்டியின் பாயிண்டைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியது என் மகள் அனிட்டா. தூண்டிவிட்டது என் மனைவி பாத்திமா மேரி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க ஒயரை ஒட்டிக்கொண்டு நான் படுத்திருந்த சமயத்தில் நடந்திருக்கிறது.

1967 ட்ரையம்ஃப் மோட்டார் சைக்கிள். இரட்டை சிலிண்டர். நாகப்பட்டினத்து டாக்டர் ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கி, எட்டாவது படித்த படிப்போடு அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதன் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து ஓடவைத்தவன் நான். வலப்பக்கம் வட்ட மூடிக்குள் இரண்டு பாயிண்ட் இருக்கும். அவை திறந்து மூடினால்தான் பிளக்கில் நெருப்பு. இன்று மூடியைத் திறந்தால் ஒரு பச்சைத் தகடு. சீட்டுக்கு அடியில் கறுப்பாக ஒரு பெட்டி.

"எலக்ட்ரானிக் இக்னிஷன்ப்பா. இனிமே ஓடுற இன்ஜின்மேல குனிஞ்சு டைமிங் பாக்க வேணாம்."

"நான் குனிஞ்சா உனக்கு என்ன?"

"பேஸ்மேக்கர் வெச்சவங்க இன்ஜின்கிட்ட நெஞ்சைக் கொண்டுபோகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல."

"வெச்சிக்கிறேன்னு நான் சொன்னேனா?"

அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். கிக்கரை உதைக்கும்போது ஒரு தடவை மயங்கி விழுந்தேன். அதற்கு இவ்வளவு. இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடுகிறதாம். ஓடுகிறதே, அப்புறம் என்ன?

30 ஜூலை, புதன்

நியாயமாக ஒப்பிடலாம் என்று எடுத்தேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. நிற்கும்போது ஒரே சீராக ஓடுகிறது, நடுக்கமில்லை. நீடாமங்கலம் வரை போய் வந்தேன். மேட்டில் நன்றாக இழுக்கிறது. இதையெல்லாம் எழுதித்தான் ஆகவேண்டும். நான் பொய் எழுதுகிறவன் இல்லை.

ஆனால் பாயிண்ட் கெடும்போது சொல்லும். கிளம்பத் தாமதிக்கும், சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். ரோட்டோரம் நிறுத்தி, உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து வீடு வந்து சேரலாம். பெட்டி கெட்டால்? ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த நொடி ஓடாது. அதைத் திறந்து பார்க்கவும் முடியாது, உள்ளே கெட்டியாகப் பிசின் ஊற்றி மூடியிருக்கிறான்.

நெஞ்சில் வைக்கிறேன் என்கிறார்களே, அதுவும் அப்படி ஒரு பெட்டிதானே. நான் தூங்கும்போது அது நின்றால் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது.

ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கோபம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருவே ஆற்றங்கரையில். நான் கொல்லையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிறது.

9 ஆகஸ்ட், சனி

அனிட்டா சென்னைக்குத் திரும்பிப் போனதும் பெட்டியைக் கழற்றிப் பழைய பாயிண்டை மாட்டினேன். இடைவெளி பார்க்கும் தகடு கண்ணுக்குத் தெளியவில்லை. விரலால் தடவியே வைத்தேன். ஐந்தாறு உதைக்கு மேல் ஆயிற்று. அப்போது பார்வையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. டேங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பியது.

மேரி அடுப்படியிலிருந்தே பேசினாள். "பொண்ணு மாட்டினத கழட்டி எறிஞ்சிட்டீங்க. உங்கள அப்பிடி கழட்டி மாட்ட முடியுமா?"

பார்வை கறுத்ததை அவளிடம் சொல்லவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

இடப்பக்கம் படுத்தால் நெஞ்சடிப்பு காதில் கேட்கிறது. வலப்பக்கம் படுத்தால் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

டாக்டர் போன் செய்தார். எடுக்கவில்லை. மேரி எடுத்தாள். "சரிங்க, சொல்றேங்க" என்று வைத்தாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ?

26 ஆகஸ்ட், செவ்வாய், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுத முடியவில்லை.

மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பே வேளாங்கண்ணிக்குப் போய் வண்டியை மந்திரித்து வருவது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மேரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள். தனியாக அனுப்பப் பயந்து ஏறி உட்கார்ந்தாள்.

ஃபாதர் தாராளமான கை. "இன்ஜினுக்கு வேணாம் ஃபாதர், டேங்குமேல தெளிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வாளித் தீர்த்தம் வட்ட மூடிமேல் இறங்கிவிட்டது. "வண்டிக்கு மந்திரிச்சாச்சு பெரியவரே, ஓட்டுறவருக்கு?" என்று என் தலையிலும் தெளித்தார். பாயிண்ட் நனைந்து நெருப்பு வரவில்லை. மேரியின் முந்தானையை வாங்கித் துடைத்தேன். "மாதா தண்ணியே உங்க வண்டிக்கு ஆவல" என்றாள். சிரித்தாள். எலக்ட்ரானிக்காக இருந்தால் நனைந்தும் கிளம்பியிருக்கும். இதையும் எழுதிவிடுகிறேன்.

திரும்பும்போது கூத்தாநல்லூர் தாண்டி, ரோட்டின் ஒரு பாதியில் குறுவை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வண்டி நின்றது. சத்தமே இல்லை. முன்னால் ஒரு தடுமாற்றம் இல்லை, வெடிப்பு இல்லை. ஈரம் மறுபடியும் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது வாயில் நெல். யாரோ கத்துகிறார்: "பெரியவரே, ரோடு அங்க இருக்கு, நெல்லுல வந்து வுடுறீங்களே!" என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. காரை நிறுத்தி இறங்கிய ஒரு பெண் என் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். கூத்தாநல்லூர்க்காரி, தஹ்மீனா என்று பெயர். அவள்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

மேரிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

நேற்று அவளிடம் சொன்னேன், "தண்ணி இறங்கி வண்டி நின்னுபோச்சு, மேரி."

"வண்டி எங்க நின்னுச்சு? சாஞ்சு கெடந்தப்பவும் ஓடிக்கிட்டுதான் கெடந்துச்சு. பின்சக்கரம் காத்துல சுத்திக்கிட்டு, நெல்லு எல்லாம் பறக்குது. நான் உங்கள உலுக்குறேன், உலுக்குறேன், நீங்கதான்..."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாயிண்ட் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றது எது என்று இப்போது தெரிகிறது. அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு. எதிரே பஸ் வந்திருந்தால்? வாய்க்கால் பக்கம் சாய்ந்திருந்தால்? எழுதவே பயமாக இருக்கிறது.

டாக்டர் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

1 செப்டம்பர், திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பெட்டி இடது தோளுக்குக் கீழே இருக்கிறது. நிற்கும் நிற்கும் என்று ராத்திரியெல்லாம் காத்திருந்தேன். நிற்கவில்லை. பயம் போகவில்லை.

இனி ஆகவேண்டியது:

அனிட்டா: வண்டியில் அந்த எலக்ட்ரானிக்கை மறுபடி மாட்ட வேண்டும். இந்தத் தடவை என்னைக் கேட்டுவிட்டு. கேட்டால் சரி என்பேன். கேட்காமல் செய்தது தப்பு, அதில் மாற்றமில்லை.

நான்: டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லும்வரை சாவி மேரியிடம். அதற்குப் பிறகும் இன்ஜின் ஓடும்போது குனியக்கூடாது. அவர் போன் செய்தால் எடுக்க வேண்டும். நெல் வீணாய்ப்போனவரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

மேரி: பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடத்தை நான் பார்க்காதபோது தூக்குகிறாள். கூடாது.

சட்டைப் பொத்தான் போட: நான் இடது கையைத் தூக்கக்கூடாது, அவளுக்கு வலது கையில் கட்டு. என் வலது கையும் அவள் இடது கையும்.