மறுபடி வரச் சொன்ன பெரியவர்

ஞாயிறு, இரவு

இந்த வருஷம் எங்கள் திருச்சபையிலிருந்து கென்யா போகிற மருத்துவக் குழுவில் என் பெயர் இருக்காது என்று முன்பே சொன்னேன். நான் சொல்லி எது நடக்காமல் போனது? டாக்டர், நர்ஸ் மட்டும் போதுமாம். போன தடவை மூக்குக்கண்ணாடி கொடுத்து ஓர் ஊரையே பார்க்க வைத்தவன் நான்.

நர்ஸாக இருக்கும் அக்கா மகள் ஜெஸி போகிறாள். அவளிடம் பத்தமடைப் பாய் ஒன்றைக் கொடுத்தேன்.

“ஏட்டி, அங்கன யோனான்னு ஒரு பெரியவர் உண்டு. மறுபடி வாங்கன்னு என் கையப் பிடிச்சு அழுதாரு. அவருட்ட குடு.”

“ஊரே அழுதுச்சுன்னுல்லா சொன்னிய, மாமா?”

“ஊரும் அழுதுச்சு. இவரு கூடுதலா.”

சிரித்துக்கொண்டே பாயைப் பெட்டியில் வைத்தாள். அவரிடம் என்னைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று தூக்கம் வரவில்லை. அவர் அழவில்லை, வரவும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டியதும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். மறுபடி வருவேன் என்று சொன்னது நான்தான்.