பன்னிரண்டாவது சடை

மகளின் கல்யாணத்துக்காக நேற்றுக் காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். காறிப்போன தேங்காயெண்ணெயும் அரிசிமாவும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். என் தலை பாதி நரைத்துவிட்டது. உன் சடை மட்டும் அன்று வெட்டியபடியே கன்னங்கரேலென்று கிடக்கிறது. நீ போய் இரண்டு வருஷமாகிறது.

சதுரங்கப்பட்டினத்தில் நாம் இருவரும் டோப்பா தைத்துக்கொண்டிருந்த காலம். கோட்டையில் சினிமாப் படப்பிடிப்பு. இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகப் பன்னிரண்டு டோப்பா கேட்டிருந்தார்கள். முதுகில் தொங்கும் சடை, அதில் கறுப்பு ரிப்பன். அந்தச் சிப்பாய்கள் தலையில் மிருகக் கொழுப்பைத் தடவி, அதன்மேல் மாவைத் தூவிக்கொள்வார்களாம். முதலாளி இதைச் சொன்னதும் உன் கையில் ஊசி அப்படியே நின்றது.

"இன்னாது, மாவா? துன்ற மாவையா தலையில கொட்டிக்கினானுங்க?"

படப்பிடிப்பன்று முகப்பவுடர் தூவினால் போதும் என்றுதான் முதலாளி சொன்னார். எனக்குத்தான் அவசரக்குடுக்கைப் புத்தி. நிஜமாகவே இருக்கட்டுமே என்று, முதல்நாள் சாயங்காலம் நீ வீட்டுக்குப் போனபின், கொழுப்புக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் தடவி, பன்னிரண்டிலும் அரிசிமாவு தூவி வைத்தேன்.

மறுநாள் காலை பட்டறைக் கதவைத் திறந்தேன். ஒரு டோப்பாவின் சடையை எலி அடியோடு குதறியிருந்தது. டோப்பாக்களை எடுத்துப்போகப் படப்பிடிப்பு ஜீப் வர ஒரு மணி நேரம்தான். கைவசம் வேறு முடியும் இல்லை. புருஷன் விட்டுப்போய், ஆறு வயதுப் பெண்ணோடு நான் தனியாக நின்ற நேரம். அந்த வேலையும் போனால் எங்கே போவது? நீ வந்தாய், பார்த்தாய், திட்டக்கூட இல்லை. கத்திரியை எடுத்து, முழங்காலைத் தொட்ட உன் சடையைக் கழுத்தோரம் வெட்டினாய். "வேணாம்டி" என்று நான் சொல்வதற்குள் அது உன் கையில் இருந்தது.

"பேஜாரு பண்ணாத. ரிப்பன எடு."

நீளத்தை உள்ளே மடித்துத் தைத்து, மற்றவற்றைப் போலவே எண்ணெய் தடவி மாவும் தூவினாய். கேட்டவர்களிடம் எல்லாம், வெயில் தாங்கவில்லை, அதனால் வெட்டினேன் என்றாய். உன் அம்மா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. டோப்பாக்கள் திரும்பி வந்தபோது, முதலாளிக்குத் தெரியாமல் உன் சடையைப் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து, புற்றுநோய் மருந்தில் உன் முடியெல்லாம் கொட்டிவிட்டது என்று கேள்விப்பட்டு, அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தேன். துணியைப் பிரித்து உன் மடியில் வைத்தேன். நீ சடையை முகர்ந்து பார்த்துச் சிரித்தாய்.

"இன்னும் மாவு வாசன கீது பாரு. எனக்கின்னாத்துக்குடி இது? உம் பொண்ணு கல்யாணத்துக்கு சவுரி ஆவும், வெச்சிக்க."

நேற்று அதை அலசிக் காயவைத்து, மகளின் முடியோடு சேர்த்துப் பின்னினேன். "யாரு முடிம்மா இது?" என்று கேட்டாள். மாவு, எலி, கத்திரி எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னேன். அவள் சடையை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தப்பு உன்னுதுதான்னு அப்பவே ஏம்மா சொல்லல?" என்றாள்.

உயிரோடு இருந்தவரை நீ அதை என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.