ரெண்டு மேட்ச் போதும்

18.10.2004, திங்கள்

சென்னையில் மழை. இரண்டாவது டெஸ்ட்டின் கடைசி நாள் ஒரு பந்துகூடப் போடாமல் முடிந்தது. மரக்காணத்திலும் விடாத மழை.

வரப்புச் சண்டைக்குப் பிறகு இவரும் தம்பியும் பேசிக்கொள்வது டெஸ்ட் மேட்ச் நாட்களில்தான். அதுவும் கிரிக்கெட் மட்டும்தான். கொழுந்தனார் எங்கள் வீட்டு டிவி முன்னால் வந்து உட்காருவார். ஐந்து மேட்ச் இல்லாவிட்டால் அது சீரிஸே இல்லை என்பார். எனக்கும் அதே ஆசைதான்.

இன்று திடீரென்று, "ரெண்டு மேட்ச் போதும்ணே" என்றார்.

இவர் சிரித்தார். "ஏம்பா, தோத்துடுவோம்னு பயந்துட்டியா? இன்னும் ரெண்டு இருக்குது."

"அதுக்கு நான் இருக்க மாட்டேன். உப்பளத்தை வித்துட்டேன். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட திருப்பூர் போறோம்."

நீட்டிய டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் உப்பளத்தை ஒட்டியே இருக்கும் அளம், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"அங்க டிவி இருக்குதா?" என்றார்.

"இல்லண்ணே. இனிமேதான் வாங்கணும்."

வேறு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் பேசுகிற பேச்சா இது? சோறு போடும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது கூடத்தில் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் டிவியைப் போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.