அந்த 'ம்' சம்மதம் இல்லை

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மற்றதைப் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்வாய். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு இந்தக் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், எனக்கு 'ம்' என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வருவதில்லை. அந்த 'ம்'மைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், "அம்மா, காது சரியா கேக்கலைன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டா என்ன குறைஞ்சிடப் போகுது? மருத்துவக் காரணம்னு கௌரவமா அனுப்பிடுவாங்க, பென்ஷன் வரும், குவார்ட்டர்ஸ்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம், நீ அப்பாவையாவது நினைச்சுப் பாரேன்" என்று. நான் 'ம்' என்றேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு "தேங்க்ஸ்மா" என்றாய். போனை வைத்ததும் உன் அப்பா முகத்தில் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சம், எழுந்து போய் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார், மறுநாள் காலையில் வேன் ஓட்டக் கிளம்புவதற்கு முன்னால் என் பேங்கின் பர்சனல் பிரிவுக்குப் போன் செய்து "வீட்டுல சம்மதிச்சிட்டாங்க" என்று சொல்லியும் விட்டார். வாலு, நான் சம்மதிக்கவில்லை. நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அந்த 'ம்'முக்கு அர்த்தம். சின்ன வயதில் நீ கதை கேட்கும்போது 'ம்' கொட்டுவாயே, கொட்டாவிட்டால் தூங்கிவிட்டாய் என்று நான் நிறுத்திவிடுவேனே, அந்த 'ம்'. உன் அப்பா டிவி பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்ன 'ம்' எல்லாம் சம்மதம் என்றால் இந்த வீட்டுக்கு இந்நேரம் எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்திருக்க வேண்டும்.

இதே சண்டைதான் ஆபீசிலும். உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீயும் வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருந்தாய், நானும் உன்னை எதற்குக் கவலைப்படுத்துவது என்று முழுசாகச் சொன்னதில்லை. எங்கள் பிரிவுக்கு ஏதோ நீளமான பேர் உண்டு, ஆபீசில் எல்லோரும் காது ரூம் என்றுதான் சொல்வார்கள். ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க ஹெட்போன், வாடிக்கையாளருக்குப் போன கால்களின் ரெக்கார்டிங்கைக் கேட்டு, அவர் சம்மதம் சொன்னால் பச்சை, சொல்லாவிட்டால் சிவப்பு என்று போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. டெபாசிட் முடிகிற ஆட்களைக் கூப்பிட்டு, அந்தப் பணத்தை இன்சூரன்ஸ் திட்டத்துக்கு மாற்றப் போகிறோம், பத்து வருஷம் எடுக்க முடியாது என்பதை ஒரே மூச்சில் ஒரு பெண் வாசிப்பாள். பாவம், அவளுக்கும் மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று கழுத்தில் கத்தி. கேட்கிறவர் 'ம்', 'ம்' என்பார். எதற்கு? லைன் கட்டாகவில்லை, சொல்லும்மா என்பதற்கு. முதலில் எல்லாம் 'சரி' அல்லது 'சம்மதம்' என்று வாய் திறந்து சொன்னால்தான் பச்சை. பிறகு எங்கள் மேனேஜர், எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பதால் சிரிப்பு என்று நாங்கள் பேர் வைத்தவர், வந்து நின்று இனிமேல் 'ம்'மையும் பச்சையில் போடுங்கள் என்றார். எழுத்தில் கொடுங்கள் சார் என்றேன். "எல்லாத்தையும் எழுத்துல கேக்குற நீங்க பேசாம கோர்ட்டுக்கு வேலைக்குப் போயிருக்கலாம் மேடம்" என்று சிரித்தார், அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், நானும்தான். நான் சிவப்புப் போட்டதெல்லாம் மறுநாள் பார்த்தால் பச்சையாக இருக்கும்.

ஒருநாள் ஒரு காலின் ரெக்கார்டிங் வந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். அந்தப் பெண் வாசிக்க வாசிக்க அந்த மனிதர் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை, 'ம்' மட்டும்தான், அதுவும் மூக்கால் வருகிற 'ம்'. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். உன் ஸ்கூல் யூனிபாரம் தைத்த தையல்காரர். உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னை ஸ்டூலில் ஏற்றி நிற்க வைத்து, உதட்டில் வரிசையாகக் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, நாம் என்ன கேட்டாலும் 'ம்' என்பார், நீகூட வீட்டுக்கு வந்து வாயில் பல்குச்சியை வைத்துக்கொண்டு அவரை மாதிரிப் பேசிக் காட்டுவாய். மனைவியின் கண் ஆபரேஷனுக்கு என்று அவர் சேர்த்தது அந்த டெபாசிட். வாய் நிறையக் குண்டூசியோடு அவர் சொன்ன 'ம்'முக்குப் பத்து வருஷம் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சிரிப்பைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "அதனால என்ன மேடம், ஊர்ல எவன் நான் சம்மதிக்கிறேன்னு மேடைப்பேச்சு பேசுறான்? உங்க கல்யாணத்துக்கு நீங்க என்ன சொன்னீங்க, 'ம்'முன்னுதானே தலையை ஆட்டியிருப்பீங்க" என்றார். என் வீட்டுக்காரர் வந்து கேட்டபோது என் வாயில் ஊசி இல்லை சார் என்றேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். பதில் சிரிப்பின் கைக்குத்தான் வந்தது. பேங்குகளைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்கு எழுதினேன். தையல்கடைக்கும் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன், வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே சொன்னதாக என்மேல் குற்றச்சாட்டு என்றால் அது இதுதான். மறுவாரம் காது ரூமில் என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை வாலு, நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டார்கள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது மேடம் என்றார்கள். நான் நின்றுகொண்டே கேட்டேன். அப்புறம் ஹெட்போனும் ரிப்பேருக்குப் போனது. என்னோடு எத்தனையோ வருஷமாக ஒரே டப்பாவில் பங்கு போட்டுச் சாப்பிட்டவள், நீகூடப் பெரியம்மா என்று கூப்பிடுவாயே, அவள் என்னைப் பார்த்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவளைக் குறை சொல்லி என்ன, அவள் பையன் அதே பேங்கில் தற்காலிக வேலையில் இருக்கிறான். இப்படித்தான் ஒருத்தரையும் அடிக்காமல் கட்டடம் முழுக்க அடக்கி வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, விசாரணை என்று ஒன்று வரும், ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்பார்கள், கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் புரியும் என்று. விசாரணை வந்தது. எப்படி வந்தது தெரியுமா, போனில். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். கண்காணிப்பு அலுவலகத்து அதிகாரி, நல்ல மரியாதையான குரல், "அம்மா, உங்க புகார் விஷயமா பேசுறேன், ஒரு குறிப்பு வாசிக்கிறேன் கேளுங்க" என்றார். நான் 'ம்' என்றேன். அவர் வாசித்தார். ஆவணங்களைப் பரிசீலித்ததில் என்று ஆரம்பித்து, விதி எண், உட்பிரிவு என்று போய்க்கொண்டே இருந்தது, பஸ் வேறு ஹாரன் அடிக்கிறது, நான் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் நன்றி சொல்லி வைத்துவிட்டார். எப்போது நேரில் வரச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். மாதக் கடைசியில் உத்தரவு வந்தது, புகார்தாரரின் கேட்டல் பிழையால் எழுந்த புகார் என்று அவருக்குத் தொலைபேசியில் விளக்கப்பட்டது, அவர் அதை ஏற்றுத் தம் சம்மதத்தைத் தெரிவித்தார், புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று. வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊர் 'ம்'மையெல்லாம் பிடித்துக் கொடுக்கப் போனவள் என் 'ம்'மில் நானே போய் மாட்டிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டே சம்பளம் வாங்கியவள், ஒரு மனிதர் பேசினால் மரியாதைக்கு 'ம்' கொட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. உன் அப்பா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இவ்வளவு நாள் என்கிட்ட ஒரு தடவையாவது இப்படி ஒத்துக்கிட்டிருக்கியா" என்று சொல்லிப் பார்த்தார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், சொல்லிவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்து ஃபைலில் வைத்தார்.

கேட்டல் பிழை என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பேங்க் இந்தக் காது விஷயத்தைக் கிளப்பியது. எனக்குக் காது மந்தம், அதனால்தான் இல்லாததைக் கேட்டுப் புகார் கொடுத்தேன், பாவம் என்று மருத்துவக் காரணம் காட்டி அனுப்புகிறார்கள், எல்லாச் சலுகையும் உண்டு. நான் மாட்டேன் என்றால் ரகசியத்தை வெளியிட்ட குற்றத்துக்கு வேலை நீக்கம், குவார்ட்டர்ஸும் காலி. நீ கேட்டாயே என்ன குறைந்துவிடும் என்று. நான் செவிடு என்று எழுதிக் கொடுத்தால் நான் கேட்டது ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும், தையல்காரர் வாயில் ஊசி இருந்தது உட்பட.

தையல்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ அவர் எனக்காகச் சாட்சி சொல்வார் என்று நம்பிக்கொண்டிருந்தாய். பேங்கில் அவரைக் கூப்பிட்டு, பாதிப் பணத்தை விடுவிக்கிறோம், அந்த மேடம் உங்களைத் தூண்டிவிட்டார் என்று எழுதிக் கொடுங்கள் என்றிருக்கிறார்கள். கொடுத்துவிட்டார். காய்கறிக் கடை வாசலில் எதிரே வந்தபோது எனக்கு ஆத்திரம்தான், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "அவளுக்கு ஒரு கண்ணாவது தெரியணும்மா" என்றார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மற்றது அப்படியே இருக்கிறது.

உன் அப்பா சம்மதம் என்று சொன்னதை வைத்து பேங்க் ஏற்பாடு செய்த காதுப் பரிசோதனைக்குச் செவ்வாய்க்கிழமை போனோம். உன் அப்பா வேனுக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பர்சனல் பிரிவுப் பெண் ஒருத்தி, உன் வயசுதான், வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் கஷ்டம் இல்ல மேடம், சின்னச் சின்ன சத்தம் வரும், கேட்டாலும் சிலதுக்கு பட்டனை அழுத்தாம விட்டுடுங்க, அவ்வளவுதான்" என்றாள். நல்ல பெண்தான், அவளுக்கும் அன்றைக்கு ஒரு பச்சை வேண்டும். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறை, உள்ளே உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்கள். என் ஹெட்போனை வாங்கிக்கொண்ட பிறகு அன்றைக்குத்தான் திரும்பவும் ஒன்றைத் தலையில் மாட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சத்தம் வந்தது. அழுத்தாமல் இருக்கத்தான் நினைத்தேன் வாலு, சத்தியமாக. நீ அழுத ஞாயிற்றுக்கிழமை, அவர் போட்ட டீ, இந்த வீடு எல்லாம் மனதில் இருந்தது. ஆனால் விரல் அழுத்திவிட்டது. இரண்டாவதும் அழுத்தியது. அப்புறம் நானே தெரிந்துதான் அழுத்தினேன், கொசு இறக்கை அளவு சத்தத்துக்குக்கூட, ஒன்று விடாமல். டாக்டர் வெளியே வந்து, உங்க வயசுக்கு இது அபாரமான காதும்மா என்றார், விஷயம் தெரியாத மனிதர். உன் அப்பா ஃபைலை மூடினார். வீடு வரைக்கும் பஸ்ஸில் நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு 'ம்'கூடக் கொட்டவில்லை.

இன்றைக்கு நீக்கல் உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசியில் உன் அத்தை வீட்டு மாடி அறைக்குப் போகிறோம், அத்தை வாயால் வா என்றாள், முகம் வேறு சொன்னது, அதையும் நான் கேட்டுக்கொண்டேன். உன் கட்டிலை விற்றாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. காது ரூமில் இப்போது ஆட்களே இல்லையாம், கம்ப்யூட்டரே கேட்டுப் பச்சை போடுகிறதாம், சிரிப்புக்குப் பதவி உயர்வு. இந்த நிமிஷமும் யாரோ ஒருவர் அடுப்படியிலோ பட்டறையிலோ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு 'ம்' சொல்லிக்கொண்டிருப்பார். என்னால் நின்றது ஒன்றும் இல்லை. நான் செய்ததால் யாருக்காவது நல்லது நடந்ததா என்று நீ கேட்டால், ஆறுதலுக்காக ஒன்றை உருவாக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா பேசுவாரா என்பதுகூடத் தெரியவில்லை, இரண்டு நாளாகத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, இங்கே உன்னைப் படுக்க வைக்க இடம் இல்லை. காசு அனுப்பினால் அப்பா பேருக்கு அனுப்பு, அவராவது நீ இருக்கிறாய் என்று கொஞ்சம் தெம்பாக இருப்பார். ராத்திரியில் தலைமுடியை ஈரத்தோடு விட்டுத் தூங்காதே. நீ நல்லா இருக்கணும், உன் பேச்சைக் கடைசி வரை கேட்கிற மனிதர்கள் உனக்கு அமையணும், அம்மாவின் ஆசீர்வாதம் அதுதான். பேங்கிலிருந்து யார் கூப்பிட்டாலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு கேள், மரியாதை கெட்டால் கெடட்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய். அம்மா நீ பைத்தியம் என்று சொல், அப்பாவைக் கொன்றுவிட்டாய் என்று சொல், செய்தது சரி என்று தோன்றினால் அதையும் சொல். என்னவாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லு கண்ணு, 'ம்' என்று மட்டும் வைத்துவிடாதே, அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற
உன் அம்மா