சீர்த் தட்டில் வந்த எட்டு ஜிபி

ஜூலை 9, 2024, சிதம்பரம்

என் கல்யாணச் சந்தடி ஓய்ந்து, தட்சிணாமூர்த்தி மாமா தாய்மாமன் சீராகக் கொடுத்த லேப்டாப்பை இன்றுதான் திறந்தேன். அம்மாடி, என்ன அழகு! அப்பளக்கட்டு கனம்கூட இல்லை. ஒன்றரை லட்சமாம். மாமா பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. கடையிலேயே விலை கூடியது எதுவோ அதைக் கொடு என்றிருக்கிறார். வரிசைத் தட்டில் வைத்து, சந்தனமும் குங்குமமும் அவரே இட்டார்.

ஜூலை 11

லேப்டாப் தொங்கிவிட்டது, திரை அசையவே இல்லை. பிச்சாவரம் காட்டின் ட்ரோன் படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கித் தர வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் தந்தால் சென்னை கம்பெனியில் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலையே இல்லை. வீட்டிலிருந்து செய்வதால் சொந்த லேப்டாப்தான்.

உள்ளே பார்த்தால் மெமரி எட்டு ஜிபி. ஒன்றரை லட்சத்துக்கு எட்டா! காலேஜில் வாங்கிய பழசிலேயே அவ்வளவு இருந்ததே. கூட்டிப்போடவும் வழியில்லை, போர்டோடு ஒட்டியே வருகிறதாம். மெலிசாக இருப்பதற்கா இந்த விலை? இதை விற்கிறவர்களின் தைரியத்தைக் கும்பிடத்தான் வேண்டும்.

ஜூலை 12

என் கணவர் மாற்றித் தரக் கேட்டு, வாங்கிய கடலூர் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் சொன்னாராம்: "பொட்டு வச்ச பொருள எப்டி சார் திருப்பி எடுக்கறது? சந்தனம் கீபோர்டு உள்ளல்லாம் போயிருக்கு."

அம்மாவிடம் புலம்பினேன். "வாய மூடு. சீர் பத்தலன்னு சொன்னா உங்க மாமா நம்ம வாசல் மிதிக்க மாட்டாரு."

ஜூலை 15

மறுபடி தொங்கியது. அழுகையாக வருகிறது.

ஜூலை 16

காட்டின் படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு துண்டு வந்தது. அடேயப்பா! படகு போகும் சந்து, தண்ணீருக்குள் இறங்கும் வேர்கள், ஒரு கொக்கு, அதன் நிழல். சேர்ந்தால் எப்படி இருக்கும்! ஆனால் சேர்க்கும்போதெல்லாம் தொங்குகிறது.

ஜூலை 17

ஆடிக்கு அழைக்க மாமா வந்தார். வர முடியாது என்றேன். "ஆடிக்கு வரலன்னா ஊர்ல என்ன நெனைப்பாங்க பாப்பா?" சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். மாமா முகம் சுருங்கிப்போனது.

"கொட்டைய ஒடச்சிப் பாக்காம மூட்டைக்கு வெல சொல்லமாட்டேன். இத வெலையப் பாத்தே வாங்கிட்டேன் பாரு. சரி, இத மாலதி காலேஜுக்கு எடுத்துட்டுப் போவட்டும். நீ கெளம்பு, கடைக்குப் போவலாம்."

மாலதி அவர் மகள். கடலூரில் நான் காட்டியது முப்பத்திரண்டு ஜிபி. செங்கல் கனம், விலை முன்னதைவிடக் குறைவு. மாமா தயங்கினார். "கம்மி வெலையா? சம்பந்தி வீட்ல பேசமாட்டாங்களா?"

ஆனாலும் அதையே வாங்கினார். திரும்பி வந்ததும் நேராக என் மாமியாரிடம் போனார். "தங்கச்சி, மொதல்ல குடுத்தது சரியில்ல, நான் ஏமாந்துட்டேன். இதான் சீரு." மாமா ஏமாந்தேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 2

வந்துவிட்டது, முழுக்காடும் ஒரே படமாக! ஓடைகள் கிளை விட்டுக் கிளை விட்டுக் கடலில் போய் முடிகின்றன. மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

வேலை நிரந்தரம்! அம்மாவுக்குக்கூட அப்புறம்தான், முதல் போன் மாமாவுக்கு. படத்தை அனுப்பினேன், அவர் செல்லில் திறக்கவே இல்லையாம். மத்தியானம் பஸ் ஏறி வந்துவிட்டார். திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. காபி ஆறிவிட்டது.