நாஸ்குல் என்று ஒரு பாட்டு

காபூல், கைர்கானா
மீஸான் மாதம் 12, 1383 (உங்கள் ஊர்க் கணக்கில் 2004 அக்டோபர் 3)

அன்பு நாஸ்குல் ஜானுக்கு,

ஸலாம். ஹாம்பர்க்கில் நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும். இங்கே நானும் மகன் ஹாரூனும் சுகம். எனக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

பன்னிரண்டு வருஷமாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று உனக்கும் தெரியும். இப்போதும் வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், ஒளிப்பானேன்?

என் கணவர் கையூம் பர்வாஸ் இறந்தும் அதே பன்னிரண்டு வருஷம். டாக்சியில் ஏறினால் அவர் குரல். தர்பூசணி வண்டியில் அவர் படம். கல்யாண வீட்டில் பெண்கள் ஆட எழுந்தால் "நாஸ்குல், ஜன்னலைச் சாத்தாதே" என்ற அந்தப் பாட்டுதான். "அந்த நாஸ்குல் இப்ப எங்க இருக்கா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஜெர்மனியில் தின்று கொழுத்துக் கிடக்கிறாள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

பாட்டுக்குத் தடை இருந்த ஐந்து வருஷமும் அவர் கேசட்டுகளைத் தந்தூர் அடுப்புக்குள் புதைத்துவிட்டு, கடை ரொட்டி வாங்கித் தின்றவள் நான். அதற்கு யாராவது பாட்டுக் கட்டினார்களா?

அந்தப் பாட்டு ரேடியோவில் வந்த அன்றே சண்டை பிடித்தேன். மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. "அடி பைத்தியக்காரி, உன் பேரும் அவ பேரும் ஒரே ஓசை. பெண்டாட்டி பேரை ஊர் வாயில போட்டா நான் மானமுள்ள ஆம்பளையா? அதான் பக்கத்து வீட்டுக்காரி பேரைப் போட்டேன்" என்றார். அடுத்தவன் மகள் மானம் போனால் பரவாயில்லையாம்! சிரித்துவிட்டேன். நம்பினேனா என்று கேட்காதே. நீ மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்துத்தான் அந்த மனிதர் ஹார்மோனியத்தைத் தொடுவார்.

போன வியாழக்கிழமை அல்வா கிண்டி அவர் கல்லறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இரண்டு கல்லூரிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். "நீங்க யாரும்மா?" என்றார்கள். "ஹாரூனோட அம்மா" என்றேன். வெளியில் எனக்கு வேறு பெயர் ஏது? என் கல்யாணப் பத்திரிகையிலேயே இன்னாரின் மகள் என்றுதான் போட்டிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று ஒருத்தி, "ஐயோ, அந்த நாஸ்குல் நீங்கதானா?" என்றாள். எந்தப் பேய் பிடித்ததோ, ஆமாம் என்றுவிட்டேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து நன்றாக அழுதேன். வெட்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அவர் நினைவு நாளன்று அங்கே நம்மவர் தொலைக்காட்சி ஒன்று உன்னைப் பேட்டி எடுக்கிறதாம். ஹாரூன் சொன்னான். பாட்டு யாருக்கு என்று கட்டாயம் கேட்பார்கள்.

அல்லாஹ் உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், நாஸ்குல் ஜான். முப்பது வருஷம் அந்தப் பாட்டு உன்னிடம் இருந்துவிட்டது, போதும். அது அவர் மனைவிக்குக் கட்டிய பாட்டு என்று சொல். என் பெயரை உரக்கச் சொல். ஹாரூன் கோபித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். பொய்யாக இருந்தாலும் சொல். எது உண்மை என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே.

இப்படிக்கு,
பரிகுல்