காயத்தில் காப்பித்தூள்

24 பிப்ரவரி 2008, ஞாயிறு. மாலை 6.40. இரண்டு விரல், ஐந்து தையல்.

நல்லவேளை இடக்கை. மாலில் இருக்கும் ஐஸ் ஸ்கேட்டிங் தளத்தில் விழுந்தேன். விழுந்தால் விரல்களை மடக்கி, கையை நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும் — ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். ஆனால் கையை விரித்து ஊன்றி எழப் பார்த்தேன். பின்னால் வந்த காஞ்சனாவின் பிளேடு விரல்மேல் ஏறிவிட்டது.

காஞ்சனா எங்கள் சாஃப்ட்வேர் டீமின் டெஸ்டர். மார்ச் 16, தளத்தின் ஆண்டு விழாவில் நானும் அவளும் ஜோடியாகச் சறுக்கப்போகிறோம். இனி போவோமா?

கூத்து அதற்குப் பிறகுதான். வெட்டுக்காயம் என்றால் எங்கள் வீட்டில் காப்பித்தூள். "காப்பித்தூள் கொண்டா!" என்று கத்தினேன். பாவம், கடைக்கு ஓடி ஒரு பாக்கெட்டை வாங்கிவந்து கொட்டினாள். இன்ஸ்டன்ட். பால் பவுடர், சர்க்கரை எல்லாம் கலந்தது.

பக்கத்து ஏ.எஸ்.ராவ் நகர் கிளினிக்கில் டாக்டர் உஷா கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். "வெந்நீர் ஊத்தினா நாலு பேர் குடிக்கலாம். எஞ்சினியரா நீங்க?" சுத்தமான துணியால் விடாமல் அழுத்த வேண்டுமாம், கையை உயர்த்திப் பிடிக்க வேண்டுமாம், நேரே டாக்டரிடம் வர வேண்டுமாம். வேறு எதையும் வைக்கக் கூடாது. டெட்டனஸ் ஊசிதான் அதிகம் வலித்தது.

26 பிப்ரவரி

கேன்டீனில் காஞ்சனா என் பக்கமே வரவில்லை. நானே போனேன்.

"நக்கோ தினேஷ். இனிமே ஐஸ்ல கால் வைக்கமாட்டேன். என் காலுக்குக் கீழ உங்க கை... கண்ண மூடினா அதான் தெரியுது."

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கலங்கினால் அந்தப் பக்கத்து உருது 'நக்கோ' வந்துவிடும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

27 பிப்ரவரி

விபத்தின் காரணங்களை பக் ரிப்போர்ட் மாதிரி எழுதி மெயில் அனுப்பினேன். மூலகாரணம்: தினேஷ். பதில் இல்லை.

1 மார்ச்

அறைத்தோழன் செல்லப்பா: "அவ மனுஷியா, மாட்யூலாடா? போய் வாயால பேசு." எரிச்சல். அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல்.

4 மார்ச்

பேசினேன்.

"ரூல் தெரிஞ்சும் ஏன் கைய ஊனினீங்க?"

"நீ பாக்கறதுக்குள்ள எழுந்துடலாம்னு."

முறைத்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, கேன்டீன் முழுக்கத் திரும்பியது. "ஹவ்! இதுக்கா? ஆபீஸ்ல தினம் நீங்க விழறதப் பாத்துட்டுதானே இருக்கேன்!"

9 மார்ச்

தையல் பிரித்தாயிற்று. காஞ்சனா தளத்துக்கு வந்தாள்! இருவருக்கும் தடித்த கையுறை வாங்கி வந்திருந்தாள். "பத்தடி தள்ளி நில்லுங்க" என்று உத்தரவு. ஓரக் கம்பியைப் பிடித்தபடி ஒரு சுற்று. கம்பியை விட்டு ஒரு சுற்று. அப்புறம் என் பக்கம் வந்து, காயம்பட்ட கையைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

16 மார்ச்

சறுக்கினோம். நான் விழ, என்மேல் அவள் விழ, கைதட்டல் அதற்குத்தான் அதிகம். ரத்தம் இல்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. தளத்தில் முதலுதவிப் பெட்டி வைக்கும்வரை மேனேஜரை நச்சரிப்பது.
2. பிளேடுகளுக்கு ரப்பர் உறை, இரண்டு ஜோடி.
3. வரும் ஞாயிறு காலை லாலாகுடா. அவள் அப்பா வீட்டில் இருப்பாராம். "சொல்லி வெச்சிருக்கேன், ஒளறாம பேசுங்க."
4. நீலச் சட்டைக்கு இஸ்திரி.